கத்தாத போனும் ஒரு தட்டு வடகறியும்

போன் சோதனை அறைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ல, ழ, ள மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். எது எங்கே உட்கார வேண்டும் என்று இன்றுவரை தெரியாது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். திருத்தியதை என்னிடம் காட்டாதீர்கள், வெட்கமாக இருக்கும்.

போன மாதம் நான் வேலையிலிருந்து நின்ற அன்று, "ரெண்டு வார்த்தை பேசுங்க அண்ணே" என்றீர்கள். நான் எழுந்தேன், மைக்கைப் பார்த்தேன், "எல்லாரும் சாப்பிட்டுட்டு போங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடு ஏற்பாடு செய்தது நான்கூட இல்லை. அன்றைக்குப் பேசியிருந்தால், சோதனை அறைச் சுவரில் ஆணியில் தொங்குகிற அந்த மஞ்சள் துணிப்பையைப் பற்றித்தான் பேசியிருப்பேன். வந்த முதல் நாளே நீங்கள் கேட்டீர்கள், "இது எதுக்கு அண்ணே, காய்கறி வாங்கவா?" என்று. இல்லை.

நான் முகத்துவாரக்குப்பத்துக்காரன். அப்பா, பெரியப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். எனக்கு மட்டும் போட்டில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். குப்பத்தில் அதை மறைக்க முடியுமா? அதனால் திருவொற்றியூர் ஷெட்டில் பெட்டி மடிக்கிற வேலைக்கு வந்தேன். இரண்டாயிரத்து ஒன்பதில் நம் முதலாளி செல்போன் செய்ய ஆரம்பித்தார். செய்வது என்றால், வெளிநாட்டிலிருந்து வெறும் போனாக வாங்கி, உள்ளே இருந்து போனை ஓட்டுகிற ஓ.எஸ்.ஸை நம் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பது. அந்த ஓ.எஸ். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எங்கோ எவரோ எழுதிய ஆப் நம் போனிலும் கோணாமல் ஓட வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் இன்ஜினியர் மேடம். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், வியாசர்பாடி குடியிருப்பில் வளர்ந்தவர்.

"அண்ணே, வூடு நம்மளுது. சுண்ணாம்பு அடிக்கலாம், ரோஸ் கலர்கூட அடிக்கலாம். ஆனா குடியிருக்கிறவன் இருட்டுல எய்ந்து தண்ணி புடிக்கப் போனா, கொயா இருந்த எடத்துல கொயா இருக்கணும். ஆப் எல்லாம் குடித்தனக்காரங்க. அவ்ளோதான்."

என்னைச் சோதனைக்கு எடுத்ததற்குக் காரணம் என் பொறுமை. ஆங்கிலம் படிக்கத் தெரியாததால் படத்தை வைத்துத்தான் ஒவ்வொரு ஆப்பையும் அடையாளம் பிடிப்பேன். பட்டியலில் இருக்கிறதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, அமுக்கி, மூடி, மறுபடி திறந்து பார்ப்பேன். திரை மங்கினால் உடனே கட்டைவிரலால் ஒரு தட்டு. போனைக் கையில் எடுத்தால் கீழே வைக்கவே மாட்டேன். இது ஒரு நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளிக்கு ஒரே ஆசை. போன் பெட்டியின் மேல் "ஒருமுறை சார்ஜ், இரண்டு நாள்" என்று போட வேண்டும். அதற்காக மேடம் ஓ.எஸ்.ஸுக்குள் ஒன்றை எழுதினார். திரை அணைந்து, பத்து நிமிடம் யாரும் தொடாமல் கிடந்தால், பின்னால் ஓடுகிற ஆப் எல்லாவற்றையும் அது படுக்கவைத்துவிடும். மறுபடி நாமே திறந்தால்தான் எழுந்திருக்கும். முதலாளியே அதற்குப் பெயர் வைத்தார்: தாலாட்டு. சார்ஜ் உண்மையாகவே இரண்டு நாள் நின்றது. ஷெட் முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். ஓ.எஸ். கொடுத்தவர்கள் அனுப்பிய சோதனையில் பாஸ். என் பட்டியலிலும் எல்லாம் பாஸ். நான் கையெழுத்துப் போட்டேன். அழகாக இல்லாவிட்டாலும் கையெழுத்து கையெழுத்துதானே.

முதல் சரக்கு எங்கள் கரையோரப் போட்டுக்காரர்கள் சங்கத்துக்கு. வெள்ளிக்கிழமை காலை ஷெட்டிலேயே பந்தல் போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. அவர்கள் வாங்கியது ஒரே ஒரு ஆப்புக்காக. அதை எழுதியவர் எந்த ஊரோ, எங்களுக்குத் தெரியாது. நங்கூரம் போட்ட இடத்தை அதில் குறித்து வைத்துவிட்டால், போட் அங்கிருந்து விலகினால் போன் கத்தும். வலையை விட்டுவிட்டுக் கண்ணயருகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பார்த்துச் சொல்வதற்காக ஒரு போனை முன்கூட்டியே என் மச்சானிடம் கொடுத்திருந்தேன். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. வாய் ஓயாதவன். திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது வந்து வாசலில் உட்கார்ந்தான்.

"மாமா, உன் போனு நல்ல போனு மாமா. ஒண்ணுமே பேசமாட்டேங்குது. அப்டியே உன்ன மாறி."

"இன்னாடா ஆச்சு?"

"நேத்து வலைய வுட்டுட்டு சாஞ்சேன். நங்கூரம் பேந்துகிச்சு. போட்டு ஆடிகினே நவுந்து நவுந்து ஹார்பர் வாய்க்குப் பூட்ச்சு. கப்பல்காரன் ஹார்ன் அடிச்சான் பாரு, அதுல எய்ந்தேன். தலைய தூக்கினா வானத்தக் காணோம், இரும்புச் செவுருதான் கீது. உன் போனு லுங்கி மடிப்புல சொகமா தூங்கிகினு கீது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். என் மனைவி சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெள்ளிக்கெயம இத்தத்தான் குப்பத்துக்கே குடுக்கப் போறீங்களா?" என்றாள். எனக்கு அதுவே போதும்.

அன்றைக்குப் பகல் முழுக்க அதே ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். ஷெட்டுக்குள் இடத்தைக் குறித்துவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி கேட்டைத் தாண்டி நடந்தேன். கத்தியது. வாட்ச்மேன் துள்ளி எழுந்து, எதற்கும் இருக்கட்டும் என்று சல்யூட் அடித்தார். நாலு தடவை நடந்தேன். நாலு தடவையும் கத்தியது, நாலு சல்யூட். மச்சான்தான் ஏதோ தப்பாக அமுக்கியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

சாயங்காலம் ஷெட் வாசலில் பஸ் ஏறினேன். கடைசியாகக் குறித்த இடத்தை அழிக்க மறந்து, போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டேன். ஏறி உட்கார்ந்ததுமே கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. உங்களுக்குத் தெரியாததா? பஸ் ஷெட்டைத் தாண்டவே இல்லை. கண்டக்டர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார். அரை மணி கழித்து வண்டி நகர்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது. ஐயோ, இப்போது இது கத்தும், பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள்! பையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, "நெஞ்சு வலியா நைனா?" என்று கேட்டார்.

போன் கத்தவில்லை. அப்பாடா என்று இருந்தது. எர்ணாவூர் தாண்டிய பிறகுதான் உறைத்தது. ஏன் கத்தவில்லை? எடுத்துப் பார்த்தேன். ஆப் ஓடவே இல்லை. தாலாட்டு படுக்கவைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மேடத்திடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு ஒதுக்குகிறவர் இல்லை. உடனே தன் போனில் அந்த ஆப்பைப் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். போட் விலகியது போலக் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கணக்குக் காட்டினார். கத்தியது.

"கத்துதே அண்ணே. காதே போவுது."

அவருடைய போன் எப்போதும் கம்ப்யூட்டரோடு ஒயரில்தான் கட்டிக் கிடக்கும். ஒயரில் சார்ஜ் ஏறுகிற போனுக்குத் தாலாட்டு கிடையாது, அப்படித்தான் அவரே எழுதியிருந்தார். என் போனோ கையை விட்டு இறங்காது. கைப்பிள்ளைகள் மாதிரி, அவர் போன் கயிற்றில், என் போன் இடுப்பில். ஒரு மீன்காரன் லுங்கியில் அநாதையாகக் கிடக்கிற போனை எங்கள் ஷெட்டில் யாருமே பார்த்ததில்லை. இது அப்போதே எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தது. வாயில்தான் வரவில்லை. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த பெரிய தப்பு எது என்று கேட்டால், அந்தக் கையெழுத்து இல்லை. அந்த "சரிங்க மேடம்".

முதலாளியிடமும் புதன்கிழமை போய் நின்றேன்.

"சார், போனு..."

"ரெண்டு நாள் சார்ஜ் நிக்குதா இல்லியா?"

"நிக்குது சார்."

"அப்புறம் இன்னாய்யா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு? போ, பெட்டி மடி."

மச்சானிடம், வெள்ளிக்கிழமை வாங்காதே, மற்றவர்களிடமும் சொல் என்றேன். "நீ காதுல சொல்றத எவன் நம்புவான் மாமா? உன் மொதலாளி மைக்குல சொல்லுவாரு" என்றான். நியாயம்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளி தன் சொந்தப் போனை என்னிடம் நீட்டினார். "இதுலயும் புது சாஃப்ட்வேர் போட்டுக் காலைல குடு. நாளைக்கு மேடையில இத்தத்தான் தூக்கிக் காட்டணும்." அந்தப் போனில் அவர் உயிராக வைத்திருந்த ஆப் ஒன்று உண்டு. ராகு காலம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கத்தும் ஆப். அது கத்தினால் அவர் கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக்கூட மூடிவிடுவார்.

நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. அவர் போடச் சொன்னதைத்தான் போட்டேன். தாலாட்டு புது சாஃப்ட்வேரோடு தானாகவே வரும். ராகு காலம் ஆப்பும் பழையபடி இருந்தது. காலையில் துடைத்துக் கொடுத்தேன். அதுவரைக்கும் நான் செய்தது என் வேலை மட்டும்தான். அதற்குப் பிறகு செய்ததுதான் கொஞ்சம் கூட.

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. விழா ஒன்பதரைக்கு. சங்கத் தலைவர் வரவில்லை. கண்டெய்னர் வரிசையில் மாட்டிக்கொண்டார். முதலாளி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, "எங்க கீறீங்க?" என்று போன் போட்டுக்கொண்டே இருந்தார். இப்படித் தட்டிக்கொண்டே இருந்தால் தாலாட்டு எப்படி வேலை செய்யும்? போன் பத்து நிமிடம் சும்மா கிடந்தால்தானே! மணி ஒன்பது ஐம்பது.

கேட்டுக்கு எதிரே இட்லிக்கடை. முதலாளிக்கு அந்தக் கடை வடகறி என்றால் உயிர். ஓடிப்போய் நாலு இட்லி, மேலே மிதக்க மிதக்க வடகறி வாங்கி வந்து நீட்டினேன்.

"யார்யா சொன்னது உன்ன?"

"காலைலருந்து ஒண்ணும் சாப்பிடலியே சார்."

இடது கையில் தட்டு, வலது கை வடகறியில், போன் சட்டைப் பையில். நான் பந்தல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனுஷன் ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டார். இன்னும் இரண்டு இட்லி வைத்தேன். "போதும்யா" என்றார், சாப்பிட்டார். யாரும் அவரைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று குப்பத்து அம்மனை வேண்டிக்கொண்டேன். கை கழுவ எழுந்தபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. ஆத்திர அவசரத்துக்கு அம்மன் வராமல் இருந்ததில்லை.

பத்தேகாலுக்குத் தலைவர் வந்தார். மாலை, சால்வை. பத்து இருபத்தைந்து ஆனது. போன் கத்த வேண்டிய நேரம். கத்தவில்லை. அந்த அமைதி அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் கேட்டது. முதலாளி மைக்கைப் பிடித்து இரண்டு நாள் சார்ஜைப் பற்றிப் பேசினார். பேசி முடித்து முதல் பெட்டியைத் தூக்கினார். முன்னாடியே வாங்கி ஓட்டிப் பார்த்தவன் என்பதால் முதல் பெட்டி என் மச்சானுக்கு. அவன் இரண்டு கையையும் நீட்டினான். மணி பத்து நாற்பது.

நான் மேடை ஏறினேன். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் ஏறிய மேடை அது ஒன்றுதான். முதலாளி காதருகே போய்ச் சொன்னேன்.

"சார், ராகு காலம் பொறந்து பத்து நிமிஷம் ஆச்சு."

அவர் முகம் போன போக்கை என்ன சொல்ல! பெட்டியைப் பின்னால் இழுத்தார். மச்சான் அதற்குள் மறுமுனையைப் பிடித்துவிட்டான்.

"வுடுய்யா!"

"இன்னா சார், குடுத்துட்டுப் புடுங்குறீங்க?"

"குடுக்கலய்யா இன்னும்! வுடு!"

ஊரே பார்க்க இருவரும் பெட்டியை இழுத்தார்கள். முதலாளி ஜெயித்தார். போனை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம், "இது ஏன்யா கத்தல?" என்றார்.

"தாலாட்டு சார். பத்து நிமிஷம் தொடலன்னா எல்லாத்தையும் தூங்க வச்சிடும். மூணு நாளா சொல்லிகினு கீறேன் சார்."

மைக் பக்கத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. என் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. எனக்கே அது யாருடைய குரலோ என்று இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் கையை இறக்கிவிட்டுக் கேட்டான்: "அப்ப நான் கப்பலுக்கு அடியில தூங்கினதும் இத்தாலதானா மாமா?"

சிரிப்பு நின்றுவிட்டது.

மேடம் வந்து முதலாளி கையிலிருந்த போனை வாங்கினார். பார்த்தார். ஒயர் இல்லாத போன், கை படாத போன். அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எவ்ளோ நேரம் பையில இருந்துது அண்ணே?"

"பன்னெண்டு நிமிஷம் மேடம்."

"அது எப்படி அவ்ளோ கரெக்டா தெரியும்?"

நான் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

உள்ளறைக்குப் போனோம். முதலாளி வியாபாரி, அதற்குள் யோசித்துவிட்டார். "இந்த ரெண்டு ஆப்பையும் தாலாட்டு தொடக் கூடாதுன்னு உள்ள எழுதிடும்மா. போட் ஆப், ராகு காலம் ஆப். பன்னெண்டு மணிக்கு மேல குடுத்துடலாம்."

மேடத்துக்கு அது அரை மணி நேர வேலை. பட்டியலில் இரண்டு பெயர் சேர்த்தால் போதும். எனக்கும் நெஞ்சிலிருந்து கல் இறங்கியது போல இருந்தது. மச்சான் பிழைத்தான், குப்பம் பிழைத்தது, என் கையெழுத்தும் பிழைத்தது. அப்படியே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அதுதான்.

மேடம் மட்டும் என் பக்கம் திரும்பினார். "நீங்க இன்னா சொல்றீங்க அண்ணே?"

எனக்கு வந்ததைச் சொன்னேன். "சார், என் மச்சான் வச்சிருக்கிற ஆப் பேரு நமக்குத் தெரியும். உங்க ஆப் பேரு தெரியும். கத்த வேண்டியது இன்னும் எத்தினி கீதோ, இன்னா தெரியும் நமக்கு? நாளைக்கி அவனே வேற ஆப்புக்கு மாறிட்டா? பேரு தெரிஞ்சவன மட்டும் எய்ப்பிவுட்டா, பேரு தெரியாதவன் கப்பலுக்கு அடியில பூடுவான் சார்."

"பெட்டியில ரெண்டு நாளுன்னு அச்சடிச்சாச்சுய்யா!"

"நான் எழுதினது சார்" என்றார் மேடம். "நானே எடுத்துடறேன். கொயாவ நான்தான் எடம் மாத்திட்டேன்."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியாக ஒன்று பிடித்தார். "ராகு காலத்துல எந்த வேலையும் ஆரம்பிக்கக் கூடாதும்மா."

"இது ஆரம்பிக்கறது இல்ல சார். எடுக்கறது."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, எடும்மா" என்றார்.

சனிக்கிழமை முழுக்க நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து, "இரண்டு நாள்" என்பதன் மேல் "ஒரு நாள்" என்று தாள் ஒட்டினோம். முதலாளியும் ஒட்டினார், கோணலாக. ஞாயிற்றுக்கிழமை காலை மாலையும் மைக்கும் இல்லாமல் போன்களைக் கொடுத்தோம். அதற்கு முன்னால் மேடம் வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் துணிப்பை கொண்டுவந்து ஆணியில் மாட்டியிருந்தார். சரக்கிலிருந்து எடுத்த ஒரு போனில் ஆப்பை ஓடவிட்டு, அதற்குள் போட்டார். "அரை மணிக்கு யாரும் தொடக் கூடாது. நீங்களுந்தான் அண்ணே, முக்கியமா நீங்க." அரை மணி கழித்துப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தேன். பைக்குள்ளிருந்து அது கத்தியது. வாட்ச்மேன் சல்யூட் அடித்தார்.

ஆகவே பிள்ளைகளே, பட்டியலை முடித்துவிட்டோம் என்று எழுந்து போகாதீர்கள். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாப் போனும் ஒழுங்காகத்தான் இருக்கும். பைக்குள் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அதுதான் கஷ்டமான வேலை. என்னைப் போல வாய் இல்லாதவர்கள் உங்களில் யாராவது இருந்தால், "சரிங்க மேடம்" என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா நேரமும் வடகறி கைகொடுக்காது.

அந்தப் போன்களைக் கொடுத்த அடுத்த மாதம் ஒரு நாள் மத்தியானம் மச்சான் வீட்டுக்கு வந்தான். கையில் இரண்டு வஞ்சிரம். நங்கூரக் கயிறு அறுந்து போட் கிளம்பியதும் போன் கத்தியிருக்கிறது, எழுந்து என்ஜினைப் போட்டுத் திரும்பியிருக்கிறான். அதை நேராகச் சொன்னால் அவன் மச்சானா?

"உன் போனு கத்துன கத்துல இருந்த மீனெல்லாம் ஓடிப்பூட்ச்சு மாமா. இந்த ரெண்டுதான் செவிடு."

என் மனைவி சிரித்துக்கொண்டே மீனை வாங்கி உள்ளே போனாள். மேடம் ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டார், "அன்னிக்கு வடகறி வாங்கணும்னு யாருக்கு தோணுச்சு அண்ணே?" என்று. "பசிச்சிருக்கும்னு நெனச்சேன் மேடம்" என்றேன். அவர் சிரிப்பை அடக்க ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலாளிக்கு இன்றுவரை தெரியாது. இந்தத் தாளை அவர் கண்ணில் படாமல் வைத்திருங்கள். அந்த வடகறியை இன்னமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ராகு காலத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த ஆப் என் போனிலும் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தொடாமல் உட்கார்ந்து பார்ப்பேன். இன்றைக்கும் இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து தொடவில்லை. இதோ, கத்துகிறது. நிறுத்திக்கொள்கிறேன்.

முகத்துவாரக்குப்பம்,
தை மாதம், மூன்றாம் வெள்ளிக்கிழமை,
காலை பத்து இருபத்தைந்து.